திரைவாசிப்பானுக்குத் தமிழ்க் கோப்பு தயாரிப்பது எப்படி

பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து விசைகள்தான். அவற்றுக்குப் பாமினி என்ற சட்டையை மாட்டிவிட்டதால் நம் கண்ணுக்கு அது அம்மாவாகத் தெரிகிறது. திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் சட்டையைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதை அப்படியே படிக்கும். அதனால் பார்வையற்ற ஒருவர் அந்தச் சுற்றறிக்கையைத் திறந்தால் முதல் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளின் உளறல்தான் கேட்கும். அனுப்பியவரோ நல்ல தமிழில் அனுப்பிவிட்டோம் என்றிருப்பார்.

அலுவலகத்தில், பள்ளியில், அச்சகத்தில் தமிழ்க் கோப்பு தயாரிப்பவர்களுக்கானது இந்தக் குறிப்பு. செலவு எதுவும் இல்லை, கோப்பைக் காதால் சரிபார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டும்.

முதலில் கேட்க ஒரு கருவி

விண்டோஸ் கணினியில் என்.வி.டி.ஏ என்ற திரைவாசிப்பானை நிறுவுங்கள். 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற நிரலாளர் தொடங்கிய இலவசத் திறமூல மென்பொருள் அது. கூடவே வரும் ஈஸ்பீக் என்.ஜி பேச்சுப்பொறியில் தமிழ்க் குரல் உண்டு. இயந்திரத்தனமான குரல்தான், ஆனால் சரிபார்க்க அதுவே நல்லது. எழுத்தில் உள்ள பிழையை மழுப்பாமல் ஒலித்துக் காட்டும். இனிய குரல் வேண்டுமென்றால் விண்டோஸ் அமைப்புகளில் பேச்சுப் பகுதிக்குப் போய்த் தமிழ் (இந்தியா) குரலைச் சேருங்கள். ‘வள்ளுவர்’ என்ற பெயரில் ஓர் ஆண் குரல் இறங்கும். பிறகு என்.வி.டி.ஏ-வில் பேச்சுப்பொறியை விண்டோஸ் ஒன்கோர் என்று மாற்ற வேண்டும்.

நினைவில் வைக்க வேண்டிய விசைகள் கொஞ்சம்தான். இன்செர்ட் விசைதான் என்.வி.டி.ஏ விசை. இன்செர்ட், கண்ட்ரோல், எஸ் மூன்றும் சேர்ந்தால் பேச்சுப்பொறியைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி வரும். இன்செர்ட், கண்ட்ரோல், வி சேர்ந்தால் குரல் அமைப்பு. இன்செர்ட்டுடன் கீழ் அம்புக்குறி அடித்தால் இருக்கும் இடத்திலிருந்து கடைசிவரை படிக்கும். கண்ட்ரோல் விசை பேச்சை நிறுத்தும். இன்செர்ட்டும் கியூவும் சேர்ந்தால் மென்பொருளை மூடலாம். பழகாதவர்கள் குரல் நிற்கவில்லையே என்று பதறுவது சகஜம் என்பதால் கடைசி இரண்டையும் முதலில் பழகிக்கொள்ளுங்கள்.

காது பழகும்வரை இன்னொரு வசதி உதவும். என்.வி.டி.ஏ பட்டியில் கருவிகள் பகுதியில் பேச்சுக் காட்டி என்று ஒரு சாளரம் இருக்கிறது. குரல் சொல்வதெல்லாம் அதில் எழுத்தாக ஓடும். சந்தேகமான இடத்தில் நிறுத்தி, என்ன சொன்னது என்று பார்த்துக்கொள்ளலாம்.

கோப்பு யூனிகோடா?

எழுத்தைக் கணினியில் எண்ணாகப் பதியும் முறைதான் குறியாக்கம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியாக்கம் யூனிகோடு, திரைவாசிப்பானுக்குப் புரிவது அதுதான். கோப்பு யூனிகோடா என்று பார்க்கும் சோதனை எளிது. கோப்பின் ஒரு நகலில் கண்ட்ரோல் ஏ அடித்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, எழுத்துருவை லதா அல்லது நிர்மலா யூஐ என்று மாற்றுங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் யூனிகோடு. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறினால் பாமினி போன்ற பழைய குறியாக்கம். ஐரோப்பிய மொழிகளின் தலையில் குறி போட்ட எழுத்துகளாக மாறினால் பெரும்பாலும் திஸ்கி, டாப், டாம் போன்ற வேறு பழைய குறியாக்கங்கள். வெறும் கட்டங்களாக வந்தால் டேஸ் 16 ஆக இருக்கலாம். தமிழக அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட குறியாக்கம் அது. யூனிகோடில் அவரவர் விருப்பப்படி பயன்படுத்த விட்டிருக்கும் தனிப்பயன் பகுதியில் எழுத்துகளை வைத்திருப்பதால், அச்சுக்கு வசதியாக இருந்தாலும் திரைவாசிப்பானுக்கு அங்கே என்ன எழுத்து இருக்கிறது என்று தெரியாது.

யூனிகோடு இல்லையென்றால், எதுவானாலும் குறியாக்க மாற்றியில் போட வேண்டும். என்.எச்.எம் கன்வெர்ட்டர், சுரதா மாற்றி போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. மூலக் குறியாக்கம் எது என்று சரியாகச் சொன்னால்தான் சரியாக மாற்றும். எழுத்துருவின் பெயரே அதைச் சொல்லிவிடும். இலங்கையிலிருந்து வரும் பழைய கோப்பென்றால் பாமினியா என்று முதலில் பாருங்கள். தமிழக அரசு அலுவலகக் கோப்பென்றால் வானவில் எழுத்துருவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த இடத்தில் எல்லோரும் செய்யும் தவறு, கோப்பு முழுவதையும் மொத்தமாக ஒட்டி மாற்றுவது. நடுவில் இருந்த ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் வாகன எண்களும் சேர்ந்து தமிழாகிக் குழம்பிவிடும். வேர்டின் தேடல் பெட்டியில் வடிவம், எழுத்துரு என்று போய்ப் பாமினியை மட்டும் தேடச் சொல்லுங்கள். சிக்கும் பகுதிகளை மட்டும் மாற்றி, அதே இடத்தில் ஒட்டுங்கள். அரை மணி நேரம் கூடுதலாகும். பரவாயில்லை, பின்னால் ஒவ்வொரு முகவரியாகத் திருத்துவதைவிட அது மேல்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகள்

யூனிகோடு ஆனதும் வேலை முடிந்தது என்று நினைத்தால், அடுத்த சிக்கல் இங்கே காத்திருக்கிறது. ‘அவா்கள்’ என்ற இந்தச் சொல்லைப் பாருங்கள். பிழை தெரிகிறதா? பல எழுத்துருக்களில் தெரியவே தெரியாது. இதில் ர் இல்லை. வ-வுக்குப் பின் கால் போட்டு, அந்தக் காலின் தலையில் புள்ளி வைத்திருக்கிறது. பழைய எழுத்துருக்கள் பலவற்றில் காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம்தான். தட்டச்சு செய்தவர்களும் எது கைக்கு வந்ததோ அதை அடித்தார்கள், மாற்றி அதை அப்படியே கொண்டுவந்துவிட்டது. இன்றைக்கும் செய்தித் தளங்களிலும் அரசு ஆணைகளிலும் இது தாராளமாகக் கிடைக்கும்.

குரல் இதைப் படிக்கும்போது ர் என்ற ஒலியே வராது. தேடலிலும் சிக்காது. ‘அவர்கள்’ என்று தேடினால் கோப்பில் அப்படியொரு சொல் இல்லை என்று சொல்லிவிடும்.

திருத்துவது சுலபம். காலின் மேல் புள்ளியோ, காலை அடுத்து இகர ஈகாரக் குறியோ தமிழில் எங்குமே வராது. ஆகவே ‘ா்’ என்பதை ‘ர்’ என்றும், ‘ாி’ என்பதை ‘ரி’ என்றும், ‘ாீ’ என்பதை ‘ரீ’ என்றும் ஒட்டுமொத்தமாக மாற்றிவிடலாம், பயமில்லை. தமிழ் 99 விசைப்பலகையில் இந்தத் தப்பான சேர்க்கையை அடிப்பது சிரமம் என்பதால், கோப்பிலிருந்தே அதை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். வேர்டு அப்போதும் கண்டுபிடிக்கவில்லை என்றால் எண்ணால் தேடலாம். ^ குறி, சின்ன யூ, 3006, மறுபடி ^ குறி, சின்ன யூ, 3021 என்று இடைவெளியில்லாமல் அடியுங்கள். 3006 காலின் எண், 3021 புள்ளியின் எண்.

அடுத்தது ஔகாரம். ‘கெளரவம்’, ‘பெளர்ணமி’, ‘மெளனம்’ என்று ஒற்றைக் கொம்பையும் ள-வையும் தனித்தனியாக அடித்துவைப்பது. குரல் ‘கெ-ள-ர-வம்’ என்று பிரித்துப் படிக்கும். இதை மொத்தமாக மாற்றக் கூடாது. ‘தெளிவு’, ‘வெள்ளம்’, ‘கெளுத்தி’ எல்லாவற்றிலும் அதே கொம்பும் ள-வும் நியாயமாகவே இருக்கின்றன. ள-வுக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அநேகமாகத் தொட வேண்டாம். வெறும் ள-வாக நின்றால் அநேகமாக ஔகாரம். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். சொல்லின் முதலில் வரும் ‘ஒள’ என்பதும் இப்படித்தான். ‘ஒளவையார்’ என்று இருப்பதை ‘ஔவையார்’ என்று மாற்ற வேண்டும், ‘ஒளிவு’, ‘ஒளி’ பக்கம் போகக் கூடாது.

ஓர் எழுத்து எது என்று சந்தேகம் வந்தால் என்.வி.டி.ஏ-விடமே கேட்கலாம். நம்லாக்கை அணைத்து, எண்பலகையின் 2-ஐ மூன்று முறை வேகமாக அடித்தால் அந்த எழுத்தின் எண்ணைச் சொல்லும். மடிக்கணினி விசை அமைப்பில் என்.வி.டி.ஏ விசையும் முற்றுப்புள்ளியும். 2992 என்றால் உண்மையான ர, 3006 என்றால் கால்.

இன்னொரு கெட்ட பழக்கம், தலைப்பை அழகாக்க ‘அ றி வி ப் பு’ என்று இடைவெளி விட்டு அடிப்பது. குரலுக்கு அது ஐந்து தனிச் சொற்கள். விரித்துக் காட்ட வேண்டுமென்றால் எழுத்துரு அமைப்பின் மேம்பட்ட பகுதியில் எழுத்து இடைவெளியை 3 புள்ளி, 4 புள்ளி என்று கூட்டுங்கள். பார்வைக்கு அதே விரிப்பு கிடைக்கும், சொல்லும் முழுசாக இருக்கும்.

மொழிக்குறி

தமிழ் எழுத்து சரியாக இருந்தும் குரல் திடீரென ஆங்கிலத்துக்குத் தாவுகிறதா? கோப்பில் மொழி தவறாகப் பதிந்திருக்கலாம். என்.வி.டி.ஏ கோப்பிலுள்ள மொழிக்குறியைப் பார்த்துக் குரலை மாற்றும். விண்டோஸின் சொந்த விசைப்பலகை இல்லாமல் வேறு தட்டச்சு மென்பொருளில் அடிக்கும்போது, விண்டோஸைப் பொறுத்தவரை மொழி ஆங்கிலமாகவே இருப்பதால் வேர்டும் அப்படியே குறித்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ரிவ்யூ பகுதியில் லாங்குவேஜ், செட் ப்ரூஃபிங் லாங்குவேஜ், தமிழ் என்று கொடுங்கள். ஆங்கிலப் பத்திகளை மட்டும் பிறகு ஆங்கிலமாக்குங்கள். இணையப் பக்கமென்றால் தொடக்கக் குறியில் லாங் பண்புக்கு டி, ஏ என்ற இரண்டு எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கில வார்ப்புருவில் தமிழை நிரப்பிய தளங்களில் அது இ, என் என்றே கிடக்கும்.

தலைப்பு, படம், அட்டவணை

கண்ணுள்ளவர் நாற்பது பக்க அறிக்கையைப் புரட்டித் தடித்த எழுத்தைத் தேடுவார். திரைவாசிப்பான் பயன்படுத்துபவர் எச் விசையை அடித்துத் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுவார். ஆனால் தலைப்பு என்று கோப்பில் குறித்திருந்தால்தான் தாவ முடியும். வெறுமனே தடிப்பாக்கி 16 புள்ளி அளவு கொடுத்தது அதற்குத் தலைப்பு ஆகாது. கண்ட்ரோல், ஆல்ட், 1 அடித்தால் ஹெடிங் 1, அதே மாதிரி 2, 3. நிறமும் அளவும் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பாணியை மாற்றியமையுங்கள், பாணியைக் கைவிடாதீர்கள். முடித்ததும் இன்செர்ட்டும் எஃப் 7-உம் அடியுங்கள். வரும் பட்டியலில் தலைப்புகள் வரிசையாக நின்றால் சரி.

படத்துக்குப் பதிலாகக் குரல் படிக்கும் விளக்கம்தான் மாற்று உரை. அதை எழுதுவதில் பலரும் திணறுவது, எதை எழுதுவது என்பதில்தான். படம் எதற்காக அங்கே இருக்கிறதோ அதை எழுதுங்கள். கண் சிகிச்சை முகாம் சுவரொட்டி என்று வைத்துக்கொள்வோம். ‘நீலப் பின்னணியில் மருத்துவர் சிரிக்கும் வண்ணச் சுவரொட்டி’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. ‘இலவசக் கண் பரிசோதனை முகாம், ஞாயிறு காலை 9 மணி முதல் மதியம் 1 வரை, ஊராட்சி அலுவலகம். ஆதார் அட்டை கொண்டுவரவும்’ என்று இருந்தால் சுவரொட்டியின் வேலை முடிந்தது. ‘படம்’ என்று தொடங்க வேண்டாம், அதைக் குரலே சொல்லிவிடும். பக்க ஓரத்துப் பூ வேலைப்பாடு, கோடு, அலங்காரம் இவற்றை அலங்காரப் படம் என்று குறித்துவிடுங்கள். படத்தின் மேல் வலப்பொத்தானை அழுத்தினால் இரண்டுக்கும் வழி வரும். பாடநூல் வரைபடம் போல நீளமான விளக்கம் தேவைப்பட்டால் அதைக் கீழே பத்தியாகவே எழுதிவிடுவது நல்லது. எல்லா மாணவருக்கும் பயன்படும்.

அட்டவணையில் மேல் வரிசையைத் தேர்ந்தெடுத்து ரிப்பீட் ஹெடர் ரோஸ் கொடுங்கள். கட்டங்களை இணைக்காதீர்கள். டேப் விசையால் அட்டவணை மாதிரி அடுக்கவே அடுக்காதீர்கள், மதிப்பெண் பட்டியலில் ‘72, 81, 64’ என்று மட்டும் கேட்டால் எந்தப் பாடத்துக்கு எது என்று யாருக்குத் தெரியும்?

பி.டி.எஃப் என்ற புதைகுழி

பி.டி.எஃப் கோப்பு எழுத்தை வரையும் வரிசையில் வைத்துக்கொள்கிறது. ‘கொடு’ என்பதில் கொம்பு இடப்பக்கம் வருவதால் கொம்பு, க, கால், டு என்று போகும். பல கோப்புகளில் அதை மீண்டும் எழுத்தாக எடுக்கும்போது ‘ெகாடு’ என்று வந்து நிற்கும். கண்ணுக்கு அச்சு அழகாக இருக்கும், காதுக்குச் சொல் உடைந்துபோயிருக்கும். பி.டி.எஃப்-இலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். நோட்பேடில் எப்படி விழுகிறதோ, திரைவாசிப்பானுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் போகும்.

பி.டி.எஃப் கட்டாயம் என்றால் வேர்டில் சேவ் ஆஸ் வழியாகவே போங்கள். அங்கே ஆப்ஷன்ஸ் பெட்டியில் அணுகல்தன்மைக்கான ஆவணக் கட்டமைப்புக் குறிகள் என்ற கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். பிரிண்ட் டு பி.டி.எஃப் கொடுத்தால் தலைப்பு, மாற்று உரை எல்லாம் போய்விடும். அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து ஏற்றும் வழக்கம் இன்னும் மோசம், அது வெறும் புகைப்படம். முத்திரை வைத்த பிரதி தேவைதான், அதன் பக்கத்திலேயே மூல வேர்டு கோப்பையும் வையுங்கள்.

இந்தியாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் கீழ் 2017-இல் வந்த விதிகளில் 15-ஆம் விதி, இணையதளத்தில் ஏற்றும் ஆவணம் இபப் என்ற மின்னூல் வடிவிலோ, எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தை அடையாளம் கண்டு உரையாக்கும் மென்பொருள்) செய்த பி.டி.எஃப் வடிவிலோ இருக்க வேண்டும் என்றது. தமிழுக்கு இந்த இரண்டில் இபப் எவ்வளவோ மேல். எழுத்து எழுத்தாகவே இருக்கும், வரிசை மாறாது. லிப்ரே ஆபிஸ் ரைட்டரும் கூகுள் டாக்ஸும் நேரடியாக இபப் தரும்.

அச்சுப் புத்தகத்தை எழுத்தாக்குவது

முதலில் உரிமை பற்றி. 2012-இல் திருத்திய இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக லாபநோக்கின்றி அணுகத்தக்க படி எடுப்பதை அனுமதிக்கிறது. அந்தப் படியை அவர்களுக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டும், பொதுவில் ஏற்றக் கூடாது.

ஸ்கேன் 300 டி.பி.ஐ, சாம்பல் நிறம் போதும். பக்கம் சாயக் கூடாது, நடு மடிப்பின் நிழல் எழுத்தின் மேல் விழக் கூடாது. கூகுள் டிரைவில் ஏற்றி, வலப்பொத்தானில் கூகுள் டாக்ஸ் கொண்டு திற என்று கொடுத்தால், மேலே படமும் கீழே எழுத்தும் வரும். படத்தை நீக்கிவிடுங்கள். ஒவ்வொரு கோப்பையும் 2 எம்.பி-க்குள் வைத்தால் நல்லது. கணினியிலேயே செய்ய டெசராக்ட் என்ற எழுத்துணரி இருக்கிறது, தமிழ்த் தரவையும் ஆங்கிலத் தரவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா சுழித்தும், ணை, லை, ளை, னை துதிக்கை போட்டும் இருக்கும். எழுத்துணரி அங்கே தடுமாறும் என்று எதிர்பார்த்தே மெய்ப்புக்கு நேரம் ஒதுக்குங்கள்.

வந்த எழுத்தில் பெரிய தொல்லை வரி முறிவு. தமிழ் அச்சில் சொல்லை இணைப்புக்கோடு இல்லாமலே வரி மாறி முறிப்பது வழக்கம். குரல் ‘கொண்டிருந்’ என்று நின்று, மூச்சு விட்டு, ‘தான்’ என்று முடிக்கும். வேர்டில் பத்திக்குறி (தேடல் பெட்டியில் ^p) இரண்டு அடுத்தடுத்து வருவதை @@ என்று மாற்றுங்கள். பிறகு மீதமுள்ள ஒற்றைப் பத்திக்குறிகளை எல்லாம் இடைவெளியாக்குங்கள். கடைசியில் @@ குறியை மீண்டும் பத்திக்குறியாக்குங்கள். இப்போது வரிகள் சேர்ந்துவிட்டன, உடைந்த சொற்களின் நடுவில் மட்டும் இடைவெளி நிற்கும்.

அதைப் பிடிக்க இலக்கணம் கைகொடுக்கும். ண, ன, ள, ழ, ற ஆகியவை தமிழில் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. ஆகவே ஓர் இடைவெளியை அடுத்து இவற்றில் ஒன்று வந்தால் அது முறிந்த சொல். இடைவெளியோடு ‘ன’ என்று தேடி, இடைவெளி இல்லாத ‘ன’ என்று மாற்றுங்கள், அப்படியே மற்ற நான்குக்கும். புள்ளி வைத்த மெய் எதில் சொல் தொடங்கினாலும் அதுவும் முறிவுதான், பிறமொழிப் பெயர்களைத் தமிழில் எழுதிய ‘ப்ரெஞ்சு’, ‘ஸ்டாலின்’ போன்றவை விலக்கு. இலக்கண நூலில் மட்டும் இந்த வித்தையைக் காட்ட வேண்டாம், ‘ழகரம்’ ‘ளகரம்’ எல்லாம் முந்தைய சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். எஞ்சும் ‘தான்’, ‘களை’ வகை முறிவுகளைக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இருக்கும் நூற்பெயரும் பக்க எண்ணும் வாக்கியத்தின் நடுவே வந்து விழுந்திருக்கும். நூற்பெயரைத் தேடி நீக்குங்கள். பக்க எண்ணை நீக்காமல் தனி வரியில் ‘பக்கம் 47’ என்று வையுங்கள். வகுப்பில் ஆசிரியர் 47-ஆம் பக்கத்தைத் திறக்கச் சொன்னால் அந்த மாணவரும் திறக்க வேண்டுமே.

அனுப்பும்போது

கோப்பின் பெயர் ‘ஸ்கேன் 0017’ என்று இருந்தால் வாட்ஸப்பில் குரல் அதைத்தான் சொல்லும். பெறுபவரின் பட்டியலில் அதே மாதிரிப் பதினேழு கோப்பு இருக்கும். ‘பத்தாம் வகுப்பு அறிவியல் பாடம் 3’ என்று பெயர் வைத்து, கூடவே உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை பக்கம், கடைசித் தேதி ஏதும் உண்டா என்பதை இரண்டு வரி தட்டச்சு செய்து அனுப்புங்கள். பெறுபவர் ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் வைத்திருந்து தமிழே பேசவில்லை என்று சொன்னால், கோப்பைக் குறை சொல்வதற்கு முன் அவருடைய போனில் உரையிலிருந்து பேச்சு அமைப்புக்குள் போய்த் தமிழ்க் குரல் தரவு இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.